மடியிற் குழந்தையும் மனத்திற் குழந்தையும்

‘சவலை’ என்பது நம் வீடுகளில் வழங்கிவரும் பழஞ்சொற்களுள் ஒன்று. தாய்ப்பால் போதாமல் மெலிந்த குழந்தையைச் சவலைப் பிள்ளை என்பர். வெறும் மெலிவை மட்டும் அச்சொல் குறிப்பதன்று. தாய் மீண்டும் கருவுற்றாள். மடியிலிருந்த குழந்தைக்குப் பால் வற்றியது, அல்லது மறுக்கப்பட்டது. அதனால் அக்குழந்தை வாடிற்று என்னும் ஒரு முழுக் கதையையே அச்சிறு சொல் தன்னுள் அடக்கி நிற்கின்றது. ஒரு துன்பத்திற்கென்றே மொழியில் தனிச்சொல் ஒன்று தோன்ற வேண்டுமாயின், அத்துன்பம் எத்தனை தலைமுறையாக எத்தனை வீடுகளில் கண்முன்னே நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. ஓடி விளையாடும் பருவத்துக் குழந்தை ஒன்று இன்னும் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கிறது. பெற்றோர் மனமோ மற்றொரு குழந்தையை நாடுகிறது. மாதங்கள் பல கழிகின்றன, கரு தங்கவில்லை. ‘ஒன்றோடு நின்றுவிட்டதோ?’ என்று மாமியார் கேட்கிறாள். ‘பாலை நிறுத்து, எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறாள் ஒருத்தி. ‘பால் கொடுத்துக்கொண்டே கருவுற்றால் அந்தப் பால் நஞ்சாகிவிடும்’ என்று அச்சுறுத்துகிறாள் மற்றொருத்தி. ஒரு புறம் பழிச்சொல், மறுபுறம் அச்சம். இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் தாய் என் செய்வாள்?

இச்சொற்கள் நேற்று இன்று பிறந்தவை அல்ல. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பல நாடுகளில் வழங்கிவந்தவை. அவற்றில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று பிரித்தறிவதற்கு வரலாறு நமக்குப் பெருந்துணை புரியும். ஆதலின் அவ்வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

முன்னோர் கண்டதும் கருதியதும்

பாலூட்டும் காலத்தில் மறுகரு எளிதில் தங்குவதில்லை என்பதை மக்கள் மிகப் பழங்காலத்திலேயே கண்டிருந்தனர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், உயிர்களின் பிறப்பைப் பற்றித் தாம் எழுதிய நூலில், பாலூட்டும் மாதர்க்கு மாதவிடாய் இயல்பாக நிகழ்வதில்லை என்றும், அவர்கள் கருவுறுவதில்லை என்றும், கருவுற்றாலோ பால் வற்றிவிடும் என்றும் குறித்துள்ளார். அவர் கண்டது பெரும்பாலும் மெய். அதற்கு அவர் கற்பித்த காரணமே பிழை. மாதவிடாய்க் குருதியே மேலேறிப் பாலாக மாறுகிறது, ஆதலின் ஒரு பொருள் இரண்டு வேலைகளுக்குப் போதாது என்பது அவர் கொள்கை. நம் நாட்டுச் சுசுருத சங்கிதையிலும் இதனை ஒத்த கருத்துக் காணப்படுகின்றது.

எபிரேயரின் பழைய ஏற்பாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ஓசியா என்னும் தீர்க்கதரிசியின் மனைவி கோமேர், லோருகாமா என்ற தன் மகளைப் பால் மறக்கச் செய்த பின்னர்க் கருவுற்று ஒரு மகனைப் பெற்றாள் என்று அவர் பெயரால் வழங்கும் ஆகமத்தின் முதல் அதிகாரம் கூறுகிறது. பால் மறத்தல் முன்னும் கருவுறுதல் பின்னுமாக அமைந்த இவ்வரிசை, அக்கால மக்கள் நன்கறிந்த குடும்ப நடைமுறையைக் காட்டுகின்றது. அனி என்பார் பெயரால் வழங்கும் எகிப்தியரின் பழைய அறிவுரை நூலோ, மூன்றாண்டுக் காலம் தாய் பாலூட்டி வளர்த்ததை மறவாதே என்று மகனுக்கு நினைவூட்டுகிறது. ஆதலின் நடக்கவும் பேசவும் தொடங்கிய பிள்ளை பால் குடித்தல், பல நாடுகளில் மிக இயல்பான செய்தியாகவே இருந்தது.

ஆயின் கண்டறிந்த உண்மையிலிருந்து ஓர் அச்சமும் கிளைத்தெழுந்தது. உரோமர் ஆண்ட காலத்து எகிப்தில் பாப்பிரசு என்னும் நாணற்றாளில் எழுதப்பட்ட செவிலியர் உடன்படிக்கைகள் பல கிடைத்துள்ளன. கூலிக்குப் பாலூட்டும் செவிலி ஆடவனைச் சேர்தல் கூடாது, கருவுறுதல் கூடாது, வேறு குழந்தைக்குப் பால் கொடுத்தல் கூடாது என்று அவை கட்டுப்பாடு விதிக்கின்றன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மருத்துவரான காலென் என்பாரும், பாலூட்டும் பெண் கணவனைச் சேர்ந்தால் பால் கெடும் என்று எழுதினார். அவர் சொல்லை ஐரோப்பிய மருத்துவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டாமல் ஏற்றுவந்தனர்.

ஆயுர்வேத நூலாரும் இதனை ஆராயாமல் விடவில்லை. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் ‘பாரிகர்ப்பிகம்’ என்ற நோய் ஒன்று கூறப்படுகிறது. கருவுற்ற தாயின் பாலையே குடித்துவரும் குழந்தைக்கு இருமல், வாந்தி, பசியின்மை, சோர்வு, உடல் மெலிவு, வயிறு பருத்தல் ஆகியவை தோன்றும் என்றும், பசித்தீயைத் தூண்டுதலே அதற்குப் பரிகாரம் என்றும் அந்நூல் சொல்கிறது. ஒட்டிய கைகால்களும் பருத்த வயிறுமாக நிற்கும் குழந்தையைத் தம் கண்ணால் கண்டவர் எழுதிய எழுத்து அது என்பதில் ஐயமில்லை. ஆனால், குற்றம் பாலின் குணத்தில் உள்ளது என்று அவர்கள் கொண்டனர். பால் அளவிற் குறைந்ததும், அதற்கு ஈடாக வேறு நல்லுணவு கிடையாததுமே பெரும்பாலும் உண்மைக் காரணம் என்பதை அறியப் பிற்காலத்து ஆராய்ச்சி வேண்டியிருந்தது.

இவ்வச்சத்தை வேறு வகையில் எதிர்கொண்ட ஒரு வரலாறும் உண்டு. ஏழாம் நூற்றாண்டு அரபு நாட்டிலும், பாலூட்டும் மனைவியைச் சேர்தல் குழந்தைக்குத் தீங்கு என்னும் எண்ணம் பரவியிருந்தது. நபிகள் நாயகம் அவர்கள் அதனைத் தடை செய்யக் கருதியதாகவும், ஆனால் உரோமரும் பாரசீகரும் அவ்வாறே வாழ்ந்தும் அவர்தம் குழந்தைகளுக்குத் தீங்கு நேரவில்லை என்பதை நோக்கித் தடை விதியாது விட்டதாகவும் முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்பில் காணப்படுகிறது. பிற மக்களின் வாழ்வைக் கண்டு, அதனோடு ஒப்புநோக்கி முடிவு செய்த இம்முறை சிந்திக்கத் தக்கது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், முழுமையாகப் பாலூட்ட விரும்புவோர்க்கு ஈராண்டு என்று கால அளவு கூறுகிறது. அதற்கு முன்னரே பால் மறக்கச் செய்வதாயின் தாயும் தந்தையும் கலந்து பேசி, இருவர் சம்மதத்தோடும் செய்யலாம் என்றும் கூறுகிறது. பால் மறத்தல் தாய் ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்தப்பட வேண்டிய காரியமன்று என்பது இதனால் விளங்கும்.

உயர்குடியினர் செய்தது

பாலூட்டினால் மறுகரு தாமதிக்கும் என்றால், பாலூட்டாவிடின் அது விரைந்து வரும் என்பது தானே பெறப்படும். அரசும் நிலமும் ஆள வாரிசு வேண்டும் என்று விரும்பிய ஐரோப்பிய உயர்குடியினர் வாழ்வில் இதனைக் கண்கூடாகக் காணலாம். அங்கே சீமாட்டியர் தம் குழந்தைகளைத் தாமே பாலூட்டி வளர்த்தல் அருமை. கூலிச் செவிலியரிடம் விடுவதே வழக்கம். அதனால் ஆண்டுதோறும் கருச்சுமை. ஆஸ்திரிய நாட்டு அரசி மரியா தெரசா 1737 முதல் 1756 வரை பதினாறு மக்களைப் பெற்றார். ஆங்கில நாட்டு விக்டோரியா மகாராணிக்கு 1840 நவம்பரில் தலைமகள் பிறந்தாள். 1841 நவம்பரில், முழுதாக ஓராண்டு நிறையுமுன்னரே, பின்னாளில் ஏழாம் எட்வர்டு என முடிசூடிய மகன் பிறந்தான். 1857க்குள் மக்கள் ஒன்பதின்மர். பாலூட்டும் பணியை அவர் செவிலியரிடமே விட்டிருந்தார். அவர் மகள் ஆலிஸ் தன் குழந்தைக்குத் தானே பாலூட்டியதை அவர் விரும்பவும் இல்லை.

இவ்வழக்கத்தால் வருந்தியவர்களும் உண்டு. லிங்கன் பிரபுவின் மனைவி எலிசபெத் கிளிண்டன் பதினெட்டு மக்களைப் பெற்றவர். ஒருவருக்கும் தாம் பாலூட்டவில்லை. முதுமையில் அதற்காக மனம் நொந்து, 1622இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். தம் குழந்தைக்குத் தாமே பாலூட்டிய மருமகளுக்கு அந்நூலை உரிமையாக்கி, தாய்மார் அனைவரும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். மருமகளைக் கண்டு மாமியார் பாடம் கற்றதும், அதனை அச்சிட்டு ஊரறியச் சொன்னதும் எந்நாட்டிலும் அரிய செய்தியே அன்றோ?

செல்வர் வழக்கம் நாளடைவில் நகரத்து ஏழைகளையும் பற்றிக்கொண்டது. பாரிஸ் நகரக் காவல் தலைவராயிருந்த லெனுவார் 1780இல் ஒரு கணக்கு எழுதினார். ஆண்டுக்கு அந்நகரில் பிறந்த குழந்தைகள் சுமார் 21,000. அவற்றுள் தாயிடமே பால் குடித்தவை ஆயிரம் இருக்கும். மற்றோர் ஆயிரம் வீட்டிலேயே வைத்துக்கொண்ட செவிலியரிடம் வளர்ந்தவை. எஞ்சியவை அனைத்தும் நகர்ப்புறத்திற்கும் தொலைதூரக் கிராமங்களுக்கும் அனுப்பப்பட்டவை. தொழிலாளியின் மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஆதலின் குழந்தையை அனுப்பினாள். பால் நின்றதும் மறுகரு, மீண்டும் பிரசவம், மீண்டும் பிரிவு. அனுப்பப்பட்ட குழந்தைகளில் பல திரும்பி வரவேயில்லை. செவிலியின் சொந்தக் குழந்தையோ, அயலார் குழந்தைக்குத் தன் பாலைப் பறிகொடுத்துத் தன் வீட்டிலேயே சவலையாயிற்று. வாரிசுக்கும் வயிற்றுப்பாட்டுக்கும் நடுவே முதலில் நசுங்கியது குழந்தைதான்.

உயிரினங்களுக்கு முறைப்படி பெயரிட்ட சுவீடன் அறிஞர் லின்னேயஸ், செவிலியரிடம் குழந்தையை விடும் வழக்கத்தைக் கண்டித்து 1752இல் நூல் எழுதினார். 1758இல் அவரே, மனிதனையும் உள்ளிட்ட ஒரு பெருங்குலத்திற்கு முலையூட்டுவன என்று பொருள்படும் பெயரை இட்டார். 1762இல் ரூசோ தம் ‘எமீல்’ என்ற நூலில் தாய்மார் தாமே பாலூட்ட வேண்டும் என்று முழங்கினார். ஆனால் வேலைக்குப் போகும் தாய் எவ்வாறு பாலூட்டுவாள் என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை. உபதேசம் செய்தல் எளிது. பால் கொடுக்க நேரம் கொடுப்பது யார்?

அக்ராவிலிருந்து சிங்கப்பூருக்கு

சவலை என்ற தமிழ்ச்சொல்லுக்கு உடன்பிறந்தாள் போன்ற சொல் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் உண்டு. அதனை உலகறியச் செய்தவர், பின்னர்ச் சிங்கப்பூரில் பணிபுரிந்த ஒரு மருத்துவ மாது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1893இல் ஜமைக்காத் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பயின்று மருத்துவரானார். 1929இல் அன்று பொற்கரை என்றும் இன்று கானா என்றும் வழங்கும் நாட்டிற்கு அரசாங்க மருத்துவராகச் சென்றார. அங்கே ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் பலர் ஒரே வகை நோயோடு வரக் கண்டார். கைகால் வீங்கும், தோல் கருத்து உரியும், மயிர் நிறம் மாறும், குழந்தை எந்நேரமும் சிணுங்கும், பின்னர் இறக்கும். அக்ரா நகரைச் சார்ந்த கா என்னும் இனத்துப் பெண்களிடம், இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டார். ‘குவாஷியோர்கர்’ என்றனர். அடுத்த குழந்தை பிறக்கும்போது, மடியினின்று இறக்கப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள் என்று அம்மையார் எழுதினார். 1933இல் அந்நோயை மருத்துவ ஏட்டில் விவரித்தார்; 1935இல் ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற ஏட்டில் அந்த ஆப்பிரிக்கப் பெயரையே தலைப்பாக இட்டு வெளியிட்டார். பாலை இழந்த குழந்தைக்கு மக்காச்சோளக் கஞ்சியே உணவாயிருந்தது. சத்துள்ள உணவின்மையே நோய்க்குக் காரணம் என்பது அவர் முடிவு. புரதக் குறைவு ஒன்றே காரணம் ஆகாது, வேறு சில கேடுகளும் அதனோடு சேர்கின்றன என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் கூறியுள்ளனர். ஆயினும் மடியினின்று இறக்கப்பட்ட குழந்தையின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்ன அவர் பாடம் இன்றளவும் நிலைத்துள்ளது.

நோக்குக: தமிழ்த் தாய்மார் சவலை என்றனர்; வடமொழி மருத்துவர் பாரிகர்ப்பிகம் என்றனர்; கா இனத்துப் பெண்கள் குவாஷியோர்கர் என்றனர். ஒருவரையொருவர் கண்டறியாத மூன்று கூட்டத்தார் ஒரே குழந்தையைக் கண்டு பெயரிட்டிருக்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் பெயரிட்டதோடு நில்லாமல் காப்பும் தேடினர். அப்பகுதியைச் சேர்ந்த யோருபா மக்கள், குழந்தை பால் குடிக்கும் இரண்டு மூன்று ஆண்டுக்காலம் கணவனும் மனைவியும் சேராதிருக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். மடியிலுள்ள குழந்தையைக் காப்பதற்கு அவர்கள் கண்ட வழி அது.

1936இல் அம்மையார் மலாயாவிற்கு மாற்றப்பட்டார். விக்டோரியாவின் அந்த மகனாகிய ஏழாம் எட்வர்டின் பெயர் தாங்கிய சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் மாணவர்க்குப் போதித்தார். இங்கே அவர் கண்டது வேறொரு கொடுமை. தாய்ப்பால் நிறைய உள்ள பெண்களிடம், தாதியர் போல உடை தரித்த விற்பனைப் பெண்கள் சென்று, சீனி கலந்த டின் பாலே குழந்தைக்கு ஏற்றது என்று பிரசாரம் செய்தனர். அதை நம்பிய தாயின் பால் வற்றியது; டின் பாலை வாங்கத் தொடர்ந்து பணமும் இல்லை; கலக்கத் தூய நீரும் இல்லை; குழந்தை மாண்டது. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்று பொருள்படும் தலைப்பில் அம்மையார் பேசினார். குழந்தை உணவு பற்றிய இத்தகைய பொய்ப் பிரசாரத்தைப் பெருங்குற்றமாகக் கருதித் தண்டிக்க வேண்டும், அதனால் நேரும் சாவுகளைக் கொலையெனவே கொள்ள வேண்டும் என்று அஞ்சாது கூறினார். ஜப்பானியர் ஆட்சியில் சாங்கிச் சிறையில் அடைபட்டுத் துன்புற்று, 1945இல் விடுதலை பெற்றார். 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பகுதிக்குத் தலைமை ஏற்றார். அவர் சிங்கப்பூரில் எழுப்பிய குரலுக்கு உலகம் செவிசாய்க்க நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பதற்குக் கட்டுப்பாட்டு நெறிகளை நிறைவேற்றியது. ஆதரவு 118 நாடுகள்; எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே.

பால் செய்யும் வேலை

இனி, பால் எவ்வாறு மறுகருவைத் தாமதிக்கிறது என்பதைக் காண்போம். குருதி பாலாவதாலன்று, குழந்தை உறிஞ்சுவதால். குழந்தை வாய் வைத்து உறிஞ்சும்போதெல்லாம் நரம்பு வழியே மூளையின் அடிப்பகுதிக்குச் செய்தி செல்கிறது. அங்கிருந்து சீரான துடிப்புகளாக வெளிவந்து, கருமுட்டை முதிர்வதற்குத் தூண்டுகோலாக நிற்கும் சுரப்புநீர் தன் ஒழுங்கு குலைகிறது. பாலைச் சுரப்பிக்கும் புரொலாக்டின் என்னும் நீரோ மிகுகிறது. முட்டை முதிர்வதில்லை; மாதவிடாயும் வருவதில்லை. ஆதலின் இங்கே முக்கியமானது எத்தனை மாதம் பால் கொடுத்தாள் என்பது மட்டுமன்று; ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில், இரவிலும் உண்டா என்பதே.

ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்தில் வாழும் குங் என்னும் வேட்டுவ மக்களிடையே மெல்வின் கானர், கரோல் வொர்த்மன் என்ற இருவர் செய்த ஆராய்ச்சி 1980இல் வெளியாயிற்று. அப்பெண்களுக்குக் கருத்தடைச் சாதனம் ஏதும் இல்லை. ஆயினும் ஒரு பிரசவத்திற்கும் அடுத்ததற்கும் இடையே சராசரி 44 மாதங்கள் இருந்தன. காரணம் யாதெனில், குழந்தை எந்நேரமும் தாயின் உடலோடு ஒட்டியே இருந்தது. பகலில் ஒரு மணி நேரத்திற்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடமே பால் குடித்தது. இரவிலும் தாயின் அருகிலேயே துயின்றது. அடிக்கடி உறிஞ்சியமையே கருவைத் தள்ளிவைத்தது.

1988இல் இத்தாலி நாட்டுப் பெலாஜியோ என்னும் ஊரில் அறிஞர் பலர் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையவில்லை, முழுக்கவோ ஏறக்குறைய முழுக்கவோ தாய்ப்பாலே உணவு, மாதவிடாய் திரும்பவில்லை என்னும் மூன்றும் ஒருங்கே இருப்பின், கருவுறாமைக்கு நூற்றுக்கு 98 பங்கு உறுதி உண்டு என்பதே அது. அம்மூன்றில் ஒன்று தவறினாலும் அவ்வுறுதி குறைந்துவிடும். ஆதலின், ஓடி விளையாடும் குழந்தை பால் குடிக்கிறது என்பதனாலேயே கரு தங்காது என்பதும் இல்லை. தங்கியே தீரும் என்பதும் இல்லை. சிலர்க்கு மாதவிடாய் சில மாதங்களிலேயே திரும்பும். சிலர்க்கு ஈராண்டும் திரும்பாது. முதல் மாதவிடாய்க்கு முன்னரே முட்டை வெளிப்பட்டுக் கருவாதலும் உண்டு. இவ்வேறுபாடு உடலுக்கு உடல் அமைந்தது, பெண்ணின் குற்றமன்று.

தோட்டத்துத் தாயின் நிலை

இவ்வறிவை நம் மலாயாத் தோட்டத்து வாழ்வோடு பொருத்திப் பார்த்தல் பயன்தரும். பால்மரம் சீவச் சென்ற நம் பெண்கள் விடியற்காலையிலேயே பெரட்டுக்கு நிற்க வேண்டியிருந்தது. கைக்குழந்தையைத் தூக்கத்திலேயே எடுத்துச் சென்று ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குப் போனாள் தாய். மங்கு துடைத்து, மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து அவள் திரும்புவதற்குள் நண்பகலாகிவிடும். அதுவரை அவள் மார்பு கட்டி நோக, குழந்தை ஆயா கொடுத்த கஞ்சியையோ டின் பாலையோ குடித்திருந்தது. குங் இனத்துத் தாய்க்குச் சில நிமிடமாயிருந்த இடைவெளி இவளுக்குப் பல மணி நேரம். பால் தரும் இயற்கைக் காப்பு இவளுக்கு முன்னதாகவே தளர்ந்துபோவதற்கு இதுவே போதும். மறுகரு வந்தது, வந்ததும் மடியிலிருந்த குழந்தைக்கு வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கச் செய்தனர். அதற்கு ஈடாக முட்டையும் மீனும் பருப்பும் கிடைத்த வீடுகள் எத்தனை? லயத்து வாசலில் வயிறு பருத்து நின்ற சவலைப் பிள்ளையைக் கண்டு, ‘அம்மா கர்ப்பமாயிருக்கிறாள், அதனால்தான்’ என்று ஊரார் சொல்லிவிட்டு நடந்தனர். கூலியின் குறைவும் வேலை நேரத்தின் கொடுமையும் அப்பேச்சில் மறைந்துபோயின. பழி முழுதும் ஒரு பெண்ணின் பாலின் மேலும் வயிற்றின் மேலும் விழுந்தது.

அக்காலம் போயிற்று. ஆயினும் இடைவெளி போகவில்லை. மலேசியாவில் 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. நல்லதே. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பாலே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறும் காலத்தில் பாதியளவே அது. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் கடையிலும் பணிபுரியும் தாய், மறைவான ஓர் அறையும் அரைமணி நேரமும் இல்லாமல் இன்றும் இடர்ப்படுகிறாள்.

தாய்மார் அறிய வேண்டியவை

மடியில் ஒரு குழந்தையும் மனத்தில் ஒரு குழந்தையுமாக உள்ள தாய்க்கு இவ்வரலாறும் விஞ்ஞானமும் கூறுவது என்ன?

முதலாவது, தாமதம் மலட்டுத்தன்மையன்று. மாதவிடாய் இன்னும் திரும்பாதிருப்பின் பால் தன் வேலையைச் செய்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். அதற்காகத் தாயத்துக் கட்டவும் வேண்டாம். கண்ணீர் விடவும் வேண்டாம்.

இரண்டாவது, பாலை ஒரே நாளில் அறுத்தெறிய வேண்டுவதில்லை. மாதவிடாய் சீராகத் திரும்பியவர் பலர் பாலூட்டிக்கொண்டே கருவுறுகின்றனர். திரும்பாதவர், விரும்பினால் இரவுப் பாலையும் இடைவேளைப் பாலையும் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். குறைக்கும் ஒவ்வொரு வேளைக்கும் ஈடாக முட்டை, மீன், பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றுள் ஒன்று குழந்தையின் தட்டில் ஏற வேண்டும். பால் குறைவது ஆபத்தன்று. குறைந்த இடம் வெறுமையாயிருப்பதே ஆபத்து.

மூன்றாவது, கருவுற்ற தாயின் பால் நஞ்சன்று. நலமான கருவுடையவர் குழந்தைக்குத் தொடர்ந்து பால் கொடுப்பதால் பொதுவாகத் தீங்கில்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் கருத்து. கரு வளர வளரப் பால் அளவிற் குறையும், சுவை மாறும், சில குழந்தைகள் தாமே விட்டுவிடும். முன்பு கருச்சிதைவோ குறைப்பிரசவமோ நேர்ந்தவர்களும், குருதிப்போக்கோ வலியோ காண்பவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

நான்காவது, அவசரம் வேண்டாம். ஒரு குழந்தை பிறந்து குறைந்தது 24 மாதங்கள் சென்ற பின்னரே அடுத்த கருவிற்கு முயல்வது தாய்க்கும் சேய்க்கும் நலம் என்று 2005இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய அறிஞர் குழு பரிந்துரைத்தது. ஈராண்டுப் பால் என்று முன்னோர் கண்ட அளவும் இதுவும் ஒத்திருத்தல் காண்க. ஆயினும் வயது முப்பத்தைந்தைக் கடந்தவர் காத்திருத்தலின் நன்மை தீமைகளை மருத்துவரோடு கலந்து பேசுக. முயன்று ஓராண்டாகியும், முப்பத்தைந்தைக் கடந்தவர்க்கு ஆறு மாதமாகியும் கரு தங்காவிடின் மருத்துவரை நாடுக. அப்போது கணவனும் உடன் சென்று தன்னையும் சோதித்துக்கொள்ளல் கடமை. குழந்தையின்மைக்குக் காரணம் ஆணிடத்தும் இருத்தல் கூடும் என்பதை நம் வீடுகள் இன்னும் வாய்விட்டுச் சொல்லக் கற்கவில்லை.

பேரப்பிள்ளை வேண்டும் என்று ஏங்கும் மாமியார்மார்க்கும் ஒரு சொல். அடுத்த பேரனை எப்போது தருவாய் என்று மருமகளைக் கேட்குமுன், மடியிலிருக்கும் பேத்தி இன்று என்ன உண்டாள் என்று கேளுங்கள். லிங்கன் சீமாட்டி பதினெட்டு மக்களைப் பெற்ற பின் தன் மருமகளைக் கண்டு அறிந்துகொண்டதை நாம் முன்கூட்டியே அறிந்துகொள்ளுதல் கூடும். பிறந்த குழந்தையைக் காத்து, பெற்றவளைத் தேற்றி, அதன் பின்னர் வரவிருக்கும் குழந்தையை வரவேற்கும் குடும்பத்தில் சவலைப் பிள்ளைக்கு இடமிராது. அத்தகைய குடும்பங்கள் நம்மவரிடையே பெருகுவனவாக.